கையால் செய்த யுகுலேலேவுக்கு 58,000 ரூபாய் கொடுக்கலாமா?

கோபி ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கோபிசெட்டிபாளையத்துக்கு அருகில் ஒரு தொடக்கப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். கிட்டாரைப் போன்ற, நான்கு தந்தி கொண்ட சிறு கருவியான யுகுலேலேவை நான்கு ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். வகுப்பில் பிள்ளைகளோடு சேர்ந்து பாடுவதற்காக 5,500 ரூபாய்க்கு வாங்கிய, ஒட்டுப்பலகையில் செய்த கான்சர்ட் அளவுக் கருவி ஒன்றுதான் என்னிடம் உள்ளது. பள்ளிக்கு அது போதும். இரவில் வீட்டில் தனியே அமர்ந்து ஒவ்வொரு தந்தியாக மீட்டி மெட்டெடுக்கும்போதுதான் அதன் குறை தெரிகிறது. நாதம் எழுந்த வேகத்திலேயே அடங்கிவிடுகிறது. விரல் பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃபிரெட்டுகளில் ஏழாவதுக்கு மேலே போனால் சுருதியும் விலகுகிறது.

கோவைக்கு மேற்கே தொண்டாமுத்தூர்ப் பக்கம் கிட்டாரும் யுகுலேலேவும் கையால் செய்து தரும் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அவரிடம் தொலைபேசியில் பேசினேன். கான்சர்ட்டைவிடச் சற்றுப் பெரிய டெனார் அளவு, ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரத்தில் மேற்பலகை, ஈட்டி மரத்தில் முதுகும் பக்கங்களும், விரல் பலகையில் சிப்பி பதித்த மயில், கண்ணாடி போன்ற மெருகு, எல்லாம் சேர்த்து 58,000 ரூபாய் ஆகும் என்றும், ஐந்து மாதம் காத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். அதே அளவில், ஒட்டுப்பலகை கலக்காமல் முழுமரத்தில் தொழிற்சாலையில் செய்த கருவி 22,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது.

அடுத்த மாதம் எனக்கு 60,000 ரூபாய்ச் சீட்டு விழுகிறது. வீட்டில் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனாலும் கூடுதலாகக் கொடுக்கும் 36,000 ரூபாயும் எதற்குப் போகிறது என்பது எனக்குத் தெளிவாக விளங்கிய பிறகே முன்பணம் கொடுக்க விரும்புகிறேன். செய்தவர்களும் வாங்கியவர்களும் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பீளமேடு பேட்டர்ன்காரர் எழுதியது:

அம்மணி, வணக்கம். நான் முப்பத்தோரு ஆண்டுகள் கோவை வார்ப்படப் பட்டறைகளுக்கு மரத்தில் பேட்டர்ன் செய்தவன். பம்ப்செட் உறைக்கும் மோட்டார் உடலுக்கும் நாங்கள் செதுக்கும் மர வடிவத்தை மணலில் பதித்துத்தான் இரும்பை ஊற்றுவார்கள். ஓய்வு பெற்ற பிறகு பேத்திக்காக இரண்டு யுகுலேலே செய்தேன். முதலாவது பார்க்க அழகாக இருந்தது, ஆனால் ஒலியில்லை. ஏன் இல்லை என்பதைத் தேடிப்போனபோது நான் கற்றுக்கொண்டதே உங்கள் கேள்விக்கு விடை என்று நினைக்கிறேன்.

பலகையின் விறைப்பு அதன் தடிமனின் முப்படிக்கு ஏற்ப மாறுகிறது. 2 மில்லிமீட்டர் பலகையை 1.8 மில்லிமீட்டராக இழைத்தால் தடிமனில் பத்தில் ஒரு பங்குதான் குறைகிறது. விறைப்போ 27 விழுக்காடு குறைந்துவிடுகிறது. ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகள்கூட ஒரே விறைப்போடு இருப்பதில்லை, ரேகையின் நெருக்கமும் சாய்வும் மாறிக்கொண்டே இருக்கும். தொழிற்சாலையில் எல்லாப் பலகையையும் ஒரே தடிமனுக்கு இழைக்கிறார்கள். அந்தத் தடிமனை, வரும் பலகைகளில் விறைப்பு மிகக் குறைந்ததும் தந்தியின் இழுப்பைத் தாங்கும்படி, கொஞ்சம் கூடுதலாகவே வைக்க வேண்டியிருக்கிறது. அதில் அவர்கள் தவறு ஒன்றும் இல்லை, விற்ற கருவி உடைந்து திரும்பி வரக் கூடாது அல்லவா? கையால் செய்பவர் அந்த ஒரு பலகையை இரு கையாலும் வளைத்துப் பார்க்கிறார், விரல் கணுவால் தட்டிக் கேட்கிறார், இன்னும் இரண்டு இழைப்பு இழைக்கிறார், மீண்டும் தட்டுகிறார். மேற்பலகையைத் தாங்க உள்ளே ஒட்டும் பிரேசிங் சட்டங்களையும் அதே போல் ஒலி கேட்டுக் கேட்டுச் செதுக்குகிறார். நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணத்தில் நியாயமான பகுதி இந்தத் தீர்மானங்களுக்கு உரியது. என் முதல் கருவியில் நான் பயந்து மேற்பலகையை 2.6 மில்லிமீட்டரில் விட்டுவிட்டேன். அதனால்தான் அது ஒலிக்கவில்லை.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு உங்கள் பட்டியலைப் பாருங்கள். சிப்பி மயில் ஒலிக்கு எதுவும் செய்யாது. அதற்கு நாள் கணக்கில் வேலை உண்டு, அந்த வேலைக்கு மதிப்பும் உண்டு, ஆனால் அது நகைக்குக் கொடுக்கும் கூலி போன்றது. கண்ணாடி மெருகு தடித்த பூச்சாக இருந்தால் மேற்பலகையின் அசைவைக் கொஞ்சம் கட்டிப்போடும். மெல்லிய அரக்கு மெருகு போதும், சொல்லப்போனால் அதுவே நல்லது. முதுகுக்கும் பக்கங்களுக்கும் ஈட்டிதான் வேண்டும் என்பதும் இல்லை. மேற்பலகையோடு ஒப்பிட்டால் அவற்றின் பங்கு குறைவு. ஹவாயில் கோவா என்னும் அகேசியா மரம் புகழ்பெற்றது என்றாலும், மாமரத்திலும் அங்கே யுகுலேலே செய்கிறார்கள். ஈட்டியேதான் வேண்டுமென்றால், தமிழ்நாட்டில் அந்த மரத்தை வெட்டுவதற்கு நெடுங்காலம் கட்டுப்பாடு இருந்திருப்பதால், எங்கே வாங்கினார், ரசீது இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். மர வகைகளைக் கண்ணால் பார்த்துப் பழக வேண்டுமானால் கோவையில் 1902 முதல் இருந்துவரும் காஸ் வன அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் போய் வாருங்கள். நான் தொழில் கற்ற காலத்தில் என் ஆசான் என்னை அங்கேதான் அழைத்துப் போனார்.

ஃபிரெட் பதிப்பதில் மட்டும் கைவேலைக்குத் தனிச் சிறப்பு கிடையாது. அது வெறும் கணக்கு. தந்தியின் நீளத்தை 17.817 ஆல் வகுத்தால் முதல் ஃபிரெட்டின் தூரம் வரும். மீதியை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. டெனாருக்கு 432 மில்லிமீட்டர் என்று கொண்டால் முதல் ஃபிரெட் 24.25 மில்லிமீட்டரிலும் பன்னிரண்டாவது சரியாகப் பாதியில், 216 மில்லிமீட்டரிலும் இருக்க வேண்டும். இயந்திரம் இதைத் தவறாமல் வெட்டும். கையால் வெட்டுபவர் தவறினால் எவ்வளவு நல்ல மரமும் அந்தக் கருவியைக் காப்பாற்றாது. ஆகவே நுண்ணிய அளவு காட்டும் வெர்னியர் அளவி ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அவர் முடித்து வைத்திருக்கும் ஏதாவது ஒரு கருவியை அளந்து பாருங்கள். நேர்மையான தொழிலாளி அதைக் கண்டு வருத்தப்பட மாட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1879ஆம் ஆண்டு மதீராத் தீவிலிருந்து ரேவன்ஸ்கிராக் என்னும் கப்பலில் ஹோனலுலு போய் இறங்கிய போர்ச்சுகீசியரில் மூன்று பேர் மரச்சாமான் தச்சர்கள். மானுவல் நூனெஷ், அகஸ்டோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாந்தோ என்று அவர்களின் பெயர்கள் பதிவாகியுள்ளன. தங்கள் ஊரின் சிறு நரம்புக் கருவியை அங்கே கிடைத்த மரத்தில் செய்து பார்த்தார்கள், அதிலிருந்துதான் யுகுலேலே வந்தது. கிடைக்கும் மரத்தைப் படித்துச் செய்வது இந்தக் கருவியின் பிறப்பிலேயே இருக்கிறது. எனவே உங்கள் பக்கத்து மரத்தில், உங்கள் பக்கத்து மனிதர் செய்வதைக் குறைவாக எண்ண வேண்டாம்.


திருப்பூர் பழைய கருவிகள் எழுதியது:

நான் பழைய கிட்டார், கீபோர்டு வாங்கி விற்பவன் என்ற முறையில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பெயர் பரவாத கைவினைஞர் செய்த கருவியை இரண்டு ஆண்டு கழித்து விற்க நினைத்தால் கொடுத்த விலையில் பாதி வருவதே கடினம். 1916இல் தொடங்கிய கமாக்கா போன்ற ஹவாய்க் குடும்ப நிறுவனத்தின் கருவி என்றால் கேட்டு வாங்க ஆள் இருக்கும். மற்றதற்கு, அதைக் கையில் எடுத்து வாசித்துப் பார்த்து மதிப்பறியும் ஒருவர் நேரில் வர வேண்டும், அப்படிப்பட்டவர் நம் பக்கம் அரிது. திரும்ப விற்கும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும் 22,000 ரூபாய்க் கருவியை வாங்குங்கள். வாழ்நாள் முழுவதும் வைத்துக்கொள்வீர்கள் என்றால் என் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.


உடுமலை நூற்பாலை எழுதியது:

வணக்கம். உடுமலைப்பேட்டை அருகே ஒரு நூற்பாலையில் காற்றின் ஈரப்பதத்தைப் பராமரிக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். காற்று காய்ந்தால் நூல் அறுந்துபோகும் என்பதால் இரவு பகலாக அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பதே என் தொழில். அப்படிப்பட்ட நானே என் யுகுலேலேவைக் காக்கத் தவறினேன் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் வாங்கியதும் கையால் செய்த டெனார்தான். கடற்கரை நகரம் ஒன்றில் இருக்கும் கைவினைஞர் செய்தது. கார்த்திகையில் கூரியரில் வந்தது. மழை ஈரம் இருந்த அந்த நாட்களில் அது ஒலித்த ஒலியை இன்றும் மறக்க முடியவில்லை. மாசி பிறந்து பகல் காற்று காய்ந்ததும் முதலில் ஃபிரெட்டுகளின் முனை விரலில் உரசத் தொடங்கியது. விரல் பலகை சுருங்கி உலோகம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பங்குனியில் ஒரு நாள் மாலை, தந்திகளைத் தாங்கும் கட்டையான குதிரைக்குக் கீழே மேற்பலகை ரேகையோடு நான்கு சென்டிமீட்டர் வெடித்திருந்ததைப் பார்த்தேன். அதே அறையில் ஆறு ஆண்டுகளாகச் சுவரில் தொங்கும் ஒட்டுப்பலகைக் கருவிக்கு ஒன்றும் ஆகவில்லை.

காரணம் இதுதான். மரம் ரேகைக்குக் குறுக்கேதான் சுருங்கும், நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது. ஒட்டுப்பலகையில் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக இருப்பதால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். முழுமர மேற்பலகைக்கு அந்தப் பிடிப்பு கிடையாது. 200 மில்லிமீட்டர் அகலப் பலகை நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கினாலும் 2 மில்லிமீட்டர் ஆகிறது. உள்ளே குறுக்காக ஒட்டிய சட்டம் சுருங்காது. சட்டம் விடாது, பலகை இழுக்கும், கடைசியில் பலகை பிளக்கும். கடலோர ஈரத்தில் பலகை உப்பியிருந்த நாளில் சட்டத்தை ஒட்டியிருந்தால், அதன் பிறகு அது போகும் திசை சுருங்கும் திசை ஒன்றுதான். காய்ந்த காற்றில் ஒட்டியிருந்தால் மழைக்காலத்தில் மேற்பலகை கொஞ்சம் மேலே எழும்பும், தந்தி சற்று உயரும், அவ்வளவே. விரிசல் விடாது.

நம் பகுதியின் காற்று எளிதானது அல்ல. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கே இருந்து ஈரக் காற்று அடிக்கிறது. மாசி, பங்குனியில் பகல் காய்ந்து கிடக்கிறது. இந்த ஏற்ற இறக்கத்தை அறிந்த ஒருவர், இந்த ஊருக்கென்று செய்வதற்கு ஒரு விலை கொடுக்கலாம் என்பது என் எண்ணம். ஆகவே அம்மா, அவரிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “எந்த ஈரப்பதத்தில் சட்டங்களை ஒட்டுகிறீர்கள்?” என்பதே. 45 முதல் 55 விழுக்காடு வரை ஓர் எண்ணைச் சொன்னால் நல்லது. எண் சொல்லத் தெரியாதவரிடம் 58,000 ரூபாய் கொடுக்க வேண்டாம்.

ஒன்றைக் கவனியுங்கள். 22,000 ரூபாய் முழுமரக் கருவிக்கும் இதே ஆபத்து உண்டு. அது எங்கோ தொலைவில் வேறு காற்றில் செய்யப்பட்டது, வெடித்தால் திருத்தித் தரப் பக்கத்தில் ஆளும் கிடையாது. என் கருவியைச் செய்தவர் நல்லவர். விரிசலின் அடியில் சிறு மரத்துண்டுகளை ஒட்டி அதைச் சேர்த்துக் கொடுத்தார். ஆனாலும் போக வர இரண்டு கூரியர், திருத்தக் கூலி 3,500 ரூபாய், கருவி இல்லாமல் ஏழு வாரம். எதை வாங்கினாலும் சின்ன ஈரப்பதமானி ஒன்றை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். எண் 40க்குக் கீழே போகும் மாதங்களில், துளையிட்ட சோப்புப் பெட்டியில் நனைத்துப் பிழிந்த பஞ்சு வைத்தால் போதும். திறந்த சுவரில் மாட்ட வேண்டாம்.


கோபி ஆசிரியை எழுதியது:

மூவருக்கும் நன்றி. திரும்ப விற்கும் எண்ணம் எனக்கு இல்லை. புதிய கருவியைப் பள்ளிக்கு எடுத்துப் போகவும் மாட்டேன், பிள்ளைகள் பயமில்லாமல் தொடுவதற்கு இப்போதுள்ளதே இருக்கட்டும். தனித் தந்தி வாசிப்புக்காகத்தான் கேட்கிறேன். வேறுபாடு என் காதுக்கே தெரியுமா, அல்லது விலையைக் கேட்ட பிறகு தெரிவது போலத் தோன்றுமா என்பதுதான் இப்போது மீதியுள்ள ஐயம்.


ஈரோடு இசையாசிரியர் எழுதியது:

சகோதரி, உங்கள் ஐயம் மிகவும் நியாயமானது. அதைத் தீர்க்க எளிய வழி உண்டு. ஆனால் அதற்கு முன் உங்கள் பழைய கருவிக்கு நீதி செய்யுங்கள். நான்கு ஆண்டில் தந்திகளை எத்தனை முறை மாற்றினீர்கள்? நைலான் தந்தி தேய்ந்து, ஃபிரெட் படும் இடங்களில் பள்ளம் விழுந்தால் மேல் ஃபிரெட்டுகளில் சுருதி விலகத்தான் செய்யும். சில நூறு ரூபாயில் ஃப்ளோரோகார்பன் தந்தி ஒரு செட் வாங்கிப் போட்டு, அது இழுபட்டு நிலைபெற ஒரு வாரம் விட்டுவிட்டு, பன்னிரண்டாவது ஃபிரெட்டை அழுத்தி, சுருதி காட்டும் ட்யூனரில் பாருங்கள். அப்போதும் விலகினால் குதிரையின் மேலுள்ள எலும்புத் துண்டின் உயரமும் இருப்பிடமும் சரியில்லை என்று பொருள். அதைத் திருத்த முடியும். இதற்காக 58,000 ரூபாய் செலவிடத் தேவையில்லை.

எந்த விலை கொடுத்தாலும் கிடைக்காத சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றம் வரக் கூடாது. வீணையில் நாதம் நீண்டு நிற்கும் கார்வை இந்தக் கருவியில் வராது. மூன்றாம் தந்தி சி, நம் கணக்கில் ஒரு கட்டை. நான்காம் தந்தி ஜி, ஐந்து கட்டை. நான்காம் தந்தி மூன்றாவதைவிட உச்சமாக ஒலிப்பதுதான் யுகுலேலேவின் இயல்பு, அதனால் அந்தத் தந்தியமைப்பில் ஒரு கட்டைக்குக் கீழே இறங்க வழியில்லை. நைலான் வகைத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிடிப்பதும் ஓரளவுக்கு மேல் இயலாது. நல்ல கைவினைக் கருவியில் கூடுவது வேறு. மெதுவாக மீட்டினாலும் நாதம் முழுமையாக எழும்பும், மெதுவாகவும் பலமாகவும் வாசிப்பதற்கு இடையே உள்ள இடைவெளி அகலும், ஒவ்வொரு ஸ்வரமும் அடங்கும்போது தேய்ந்து அடங்கும். பல தந்திகளைச் சேர்த்து ஒலிக்கும் கார்டுகளை மட்டும் தட்டிப் பாடுபவருக்கு இதில் பெரும்பகுதி காதில் விழாது. தனித் தந்தி வாசிப்பவருக்கு விழும்.

இனிச் சோதனை. மூன்று கருவிகள் வேண்டும், மூன்றிலும் ஒரே வகைத் தந்தி இருக்க வேண்டும். உங்களுக்கு முதுகுப்புறம் இன்னொருவரை உட்கார வைத்து, ஒரே மெட்டை மூன்றிலும் வாசிக்கச் சொல்லுங்கள். எது எதுவென்று நீங்கள் எழுதி வையுங்கள். வரிசையை மாற்றி ஐந்து முறை செய்யுங்கள். ஐந்தில் நான்கு முறையாவது சரியாகச் சொன்னால் அந்த வேறுபாடு உங்கள் காதுக்கு உண்மை. சொல்ல முடியாவிட்டால், இன்னும் இரண்டு ஆண்டு பழகிவிட்டு வாங்கலாம்.


கோபி ஆசிரியை எழுதியது:

சென்ற ஞாயிறு தொண்டாமுத்தூர் போய் வந்தேன். புரட்டாசி விடுமுறையில் வந்திருந்த என் தம்பி மகனும் உடன் வந்தான், அவனும் வாசிப்பான். 22,000 ரூபாய்க் கருவி வைத்திருக்கும் ஒரு தோழியிடம் அதைக் கேட்டு வாங்கிப் போனேன். பட்டறையில் விற்பனைக்காக முடித்து வைத்திருந்த டெனார் ஒன்றையும், என் பழைய கருவியையும் சேர்த்து மூன்றிலும் ஒரே தந்தி போட்டு இசையாசிரியர் சொன்னபடி செய்தோம். கார்டு வாசித்தபோது கைவினைக் கருவியையும் தொழிற்சாலைக் கருவியையும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஐந்தில் இரண்டு முறைதான் சரியாக வந்தது. தனித் தந்தியில் மெதுவாக வாசித்தபோது ஐந்து முறையும் சரியாகச் சொன்னேன்.

வெர்னியரால் அளந்தேன். முதல் ஃபிரெட் 24.2, பன்னிரண்டாவது 216. அவர் வருத்தப்படவில்லை, முனை வழுக்காமல் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். இன்னும் மூடாத மேற்பலகை ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து, நடுவில் 1.9 மில்லிமீட்டர், ஓரத்தில் 1.6 என்று இழைத்திருப்பதையும், அதற்கு அடுத்த பலகை விறைப்புக் குறைந்தது என்பதால் 2.1இல் நிறுத்தியிருப்பதையும் காண்பித்தார். பேட்டர்ன்கார ஐயா எழுதியது அப்போது என் விரலுக்கே புரிந்தது.

ஈரப்பதத்தைப் பற்றிக் கேட்டதும் சுவரில் இருந்த மானியைக் காட்டினார். 68 இருந்தது. “இந்த எண்ணில் நான் சட்டம் ஒட்ட மாட்டேன், தை பிறந்து காற்று காயட்டும், அதற்குள் பக்கங்களை வளைத்து வைக்கிறேன்” என்றார். எனவே ஐந்து மாதம் என்றது ஏழு மாதமாகும் போலிருக்கிறது. எனக்கு அதில் குறையில்லை.

மயிலையும் கண்ணாடி மெருகையும் வேண்டாம் என்றேன். ஈட்டிக்குப் பதிலாக அவரிடம் ஒன்பது ஆண்டுகளாகக் காய்ந்துகொண்டிருக்கும் மாமரப் பலகையில் முதுகும் பக்கங்களும், மேலே அரக்கு மெருகு என்று பேசி 41,000 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டார். இரண்டு ஆண்டுக்குள் விரிசல் விட்டால் கூலி இல்லாமல் திருத்தித் தருவதாகவும் எழுதிக் கொடுத்தார். 10,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன்.

பழைய கருவிக்குப் போட்ட புதுத் தந்தியால் ஏழாவது ஃபிரெட்டில் இருந்த விலகல் பெரும்பாலும் நீங்கிவிட்டது. அதைப் பள்ளிப் பிள்ளைகள்தான் முதலில் கவனித்துச் சொன்னார்கள். கிளம்பும்போது அவர் அந்த மாமரப் பலகையை எடுத்து, பின்புறத்தில் பென்சிலால் என் பெயரின் முதல் எழுத்தையும், அன்றைய தேதியையும், 68 என்ற எண்ணையும் விடாமல் குறித்து, மறுபடி அடுக்கில் வைத்தார்.